இடுப்பு ஒடித்த நிழல்

வாடிப்பட்டி தங்கப்பொண்ணுவுக்கு ஏழு வயதுக்கு மேல் விழுந்த நிழல் அவளுடையது அல்ல. அது ஒரு வளர்ந்த பெண்ணின் நிழல். தலையில் உயரமான கிரீடம், ஒரு கை தளர்ந்து தொங்கும், இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்திருக்கும். ஊரில் இதை யாரும் மறைத்ததில்லை.

அவள் தாய் மாயக்காள் காய்ச்சலில் இறந்த மறுவருடம், 1931இல், நிலத் தகராறு ஒன்று ஐகோர்ட் வரைக்கும் போய்விட்டதால் தகப்பன் நல்லகாமன் பட்டணம் போக வேண்டியிருந்தது. விட்டுப்போக ஆளில்லாமல் பிள்ளையையும் கூட்டிப்போனான். கேஸ் மறுநாளைக்குத் தள்ளிப்போனதும், கூட வந்திருந்த மதுரை வக்கீல் குமாஸ்தா ஹாலாஸ்யம், "இங்க ஒக்காந்துண்டு என்ன பண்ணப்போறீர்? கொழந்தைய அழைச்சுண்டு போய் செத்த காலேஜைக் காட்டும்" என்றார். பட்டணத்துக்காரர்கள் அருங்காட்சியகத்துக்கு வைத்திருந்த பெயர் அது. மிருகங்கள் உயிரோடு இருந்த இடம் உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். வாடிப்பட்டியில் அந்தப் பெயரைக் கேட்டவர் கிடையாது.

"செத்தவுகளை அங்கனதான் வச்சிருக்காகளா அய்யா? அப்ப ஆத்தாளும் இருக்கும்ல?" என்று தகப்பனைக் கேட்டாள் தங்கப்பொண்ணு.

நல்லகாமன் பொதுவாகவே குறைவாகப் பேசுகிறவன். மனைவி போனபின் அதுவும் நின்றுபோயிருந்தது. குழாயடியில் முகம் கழுவி, துவைத்த வேட்டியைக் கட்டி, வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டான்.

பஞ்சடைத்த புலி, சீசாவில் பாம்பு, கூரையில் தொங்கிய திமிங்கில எலும்பு எதையும் தங்கப்பொண்ணு ஏறிட்டுப் பார்க்கவில்லை. வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்தில் நின்றுவிட்டாள். வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து வந்து பார்த்துப்போகும் பார்வதி அங்கே இருந்தாள். தங்கப்பொண்ணு அந்த இடுப்பை மட்டும் பார்த்தாள். பிள்ளையைச் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன இடுப்பு. அதில் உட்கார்ந்துதான் அவள் கம்மாய்க்கும் சந்தைக்கும் போய்வந்தது.

"ஆத்தா, வா, வீட்டுக்குப் போவோம்" என்று தொங்கிய கையின் விரலைப் பிடித்தாள்.

காவலாளி ஓடிவந்தான். "தொடாத பாப்பா! இது ஆயிரம் வருசத்துப் பொம்பளை."

"எம்புட்டு வருசமானா என்னண்ணே, நிக்கிறது எம் பொஞ்சாதி நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்ற நல்லகாமன் மல்லிகையைப் பீடத்தில் வைத்தான்.

காவலாளி கொஞ்ச நேரம் பூவையே பார்த்தான். "இங்கேருந்து எதுவும் வெளிய போகக் கூடாதுய்யா" என்று தணிந்த குரலில் சொல்லி, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அவள் அழவில்லை. வாசல் வெயிலுக்கு வந்தபோது அவள் காலடியிலிருந்து கிரீடம் வைத்த நிழல் நீண்டு கிடந்தது. நல்லகாமன் அதை மிதிக்காமல் விலகி நடந்தான். ரயிலில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான். பீடத்தடியில் ஒரு சிறுமியின் நிழல் தங்கிவிட்டதைக் காவலாளி மாலையில் கண்டு, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்து, பிறகு விட்டுவிட்டான்.

மாயக்காள் வந்துவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்க்குத்தான் ஒப்பவில்லை. "ஏண்டி, வந்தது வந்துச்சு, எதுக்கு இப்பிடி வெறும் இடுப்ப ஒடிச்சுக்கிட்டு நிக்கிது?" இடுப்பில் ஏறும் வயதைத் தங்கப்பொண்ணு தாண்டிப் போனாள், நிழல் நிமிரவில்லை. கோடையில் களையெடுக்கிறவர்கள் அதில் ஒதுங்கிக் கஞ்சி குடித்தார்கள். ஒத்தக்கடை வெள்ளைத்துரைக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, "மாமியாளையும் சேத்துல்ல சீதனமாக் குடுக்குறீக" என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பந்தியில் நிழலுக்கும் ஓர் இலை போட்டார்கள்.

1945 சித்திரையில் தங்கப்பொண்ணு தலைப்பிள்ளையோடு வாடிப்பட்டி வந்திருந்தாள். காலை வெயிலில் முற்றத்துப் பாயில் குழந்தையைக் கிடத்திவிட்டு நிமிர்ந்தாள். குழந்தை பாயில் கிடந்தது. அதன் நிழல் பாயில் இல்லை. கிரீடம் வைத்த நிழலின் இடுப்பில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

நல்லகாமன் வழக்கம்போல் விலகி நடந்து போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சின்னத்தாய் அரிசி புடைப்பதை நிறுத்திப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் ஒடிச்சுக்கிட்டு நின்னுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு, மீதி அரிசியைப் புடைத்தாள்.