தோளில் ஒரு தட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பைக்கின் என்ஜினைப் பிரித்து, சக்தியைக் கூட்டி, மறுபடி பூட்டுகிற வேலையைப் பற்றி அழகாக ஒரு கதை எழுத ஆசைப்பட்டேன். அக்காவின் கணவருக்கு அதுதான் தொழில். அத்தானின் பட்டறையில் ஸ்டூலைப் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘என்ஜின் பேசும், அவர் கேட்டுக்கொண்டே...’

(போதும். இதைவிடப் பொய்யான வரியை நான் எழுதியதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.)

2

பைக் ஒரு பல் டாக்டருடையது. வாரமெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்ப்பவர், விடுமுறையில் பந்தயத்தில் ஓட்டுவார். ஆயிரத்து இருநூறு சி.சி., இரண்டு சிலிண்டர். "சிரிக்கிறப்போ நல்லாத்தான் இருக்கு. கடிக்க மாட்டேங்குது," என்று சொல்லி விட்டுப்போனார்.

அத்தான் அதைக் கடைசி போல்ட் வரை பிரித்தார். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார். காற்று போகும் வழிகளை விரலால் தடவித் தடவித் தேய்த்து அகலப்படுத்தினார். வால்வுகள் இன்னும் சற்று நேரம் திறந்திருக்கும்படி வேறு கேம் ஷாஃப்ட். மயிரிழை இடைவெளிக்காக அரைநாள் அளந்தார். என்ஜின் ஓடும்போதெல்லாம் அக்கா பின்னால் வந்து நின்று, அவர் தோளில் கை வைத்துக்கொள்வாள். ‘பதினான்கு வருடக் காதல்’ என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

3

சோதனை நாள், காலை பதினோரு மணி. பைக்கைப் பட்டைகளால் இறுக்கி, பின்சக்கரத்தை உருளை மேல் நிறுத்தியிருந்தார். நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிச் சக்தியை அளக்கும் ஏற்பாடு.

வாசலில் பார்சல்காரர் மணி அடித்தார். கையெழுத்துப் போடக் கிளம்பிய அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து நில்லு. வித்தியாசமா ஏதாச்சும் கேட்டுச்சுன்னா அவர் தோள்ல ஒரு தட்டு. உடனே நிறுத்திடுவார்."

"எனக்கென்னக்கா தெரியும் இதெல்லாம்?"

"தெரியாட்டியும் தட்டு."

(அவள் குரல் நடுங்கியதாக ஒரு வரைவில் எழுதினேன். நடுங்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கோ என்பதுபோலத்தான் சொன்னாள்.)

அத்தான் கைப்பிடியைத் திருகினார். ஐயாயிரம் சுற்று. ஏழாயிரம். திரையில் கோடு ஏறியது. அப்போது அடியிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்டு என்ன செய்தேன்? குறிப்பேட்டைத் திறந்து, ‘பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல’ என்று எழுதினேன். வரி பிடித்திருந்தது. ‘யாரோ’வை அடித்து ‘எவரோ’ ஆக்கினேன்.

வெடித்தது.

பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு முறிந்து என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு துண்டு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் புதைந்தது. கொதிக்கும் எண்ணெய் அத்தானின் முன்கையில்.

4

எல்லாம் நின்றது. அக்கா ஓடி வந்தாள்.

"என்னங்க..."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க!"

நான்கடி தூரம். எண்ணெய் சொட்டுவதுகூட எனக்குக் கேட்கிறது. அவர் வெந்த கையைப் பிடித்தபடி என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லாம எப்படி உடைஞ்சுது?" என்றார்.

அக்காவிடம் என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

"எப்போலேருந்துக்கா?"

"எட்டு மாசமா. முகத்தைப் பார்த்துப் பேசினா சமாளிச்சிடுவார். வெளியில தெரிஞ்சா யாரு வண்டி விடுவா?" என்றவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீ தட்டலையா?"

(இங்கே மூன்று நல்ல பதில்கள் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அன்று நான் சொன்னது இதுதான்.)

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா."

மறுநாள் டாக்டர் எனக்குப் போன் செய்தார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே. முன்னாடியே ஏதாச்சும் சத்தம்?"

"இல்ல டாக்டர்."

"அப்போ ராடுலதான் கோளாறு. அவர் மேல தப்பில்ல. இன்னொரு என்ஜின் வாங்கி அனுப்பறேன். அவரே பண்ணட்டும்."

5

முடிவுகள். ஒன்று: அத்தான் காதுக்கருவி மாட்டிக்கொண்டு மழையைக் கேட்கிறார். அழகாக வந்தது; அதனாலேயே அடித்துவிட்டேன். இரண்டு: பட்டறைக்குப் பூட்டு, அக்கா என்னோடு பேசுவதே இல்லை. பாதி வாக்கியத்துக்கு மேல் கை ஓடவில்லை.

நடந்தது வேறு. இன்று காலை மரப்பெட்டியில் அந்த என்ஜின் வந்து இறங்கிவிட்டது. இந்த முறை சோதனைக்கு நாள் இல்லையாம். பூட்டியதும் நேரே பந்தயம். பதினைந்தாம் தேதி. இந்தக் கதை வரும் பத்திரிகை டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடக்கும்; அவர் படிப்பார். ஆனால் அது வெளியாவது பதினேழாம் தேதி.

உருளை மேல் வெடித்தது, பதினைந்தாம் தேதி டாக்டரின் கால்களுக்கிடையில் வெடித்தால்? முழு வேகத்தில்?

6

போனில் டாக்டரின் எண்ணை அழுத்திவிட்டேன். மணி போகிறது. ஜன்னல் வழியே பார்த்தால், கட்டுப் போட்ட கையோடு அத்தானும் அக்காவும் பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிறாள்.

"சொல்லுங்க," என்கிறார் டாக்டர்.

இதற்குமேல் எழுத முடியாது. பேச வேண்டும்.