எந்தப் பையும் சேரவில்லை

"உங்க ரத்தம் வேண்டாம் சார். சட்டக் கைய எறக்கி விடுங்க."

ரத்த வங்கிப் பெண் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஏம்மா, என்னைத் தெரியாதா? நாப்பத்திரண்டு தடவ குடுத்திருக்கேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ற எடத்துல எனக்குப் பேரே டேங்கர்."

"டேங்கரோ, கடலோ. பத்துப் பையோட சேத்துப் பாத்தாச்சு. உங்க தங்கச்சிக்கு ஒண்ணுகூடச் சேரல."

பக்கத்து நாற்காலியில் தங்கை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. ஆறு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. அடுத்த மாதம் ஆபரேஷன். கவலைப்படாதே, அண்ணன் இருக்கான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

"அதெப்படிச் சேராமப் போகும்? இவ பிரசவத்துக்கு என் ரத்தத்தத்தானே ஏத்துனாங்க?"

அந்தப் பெண் தங்கையைப் பார்த்தாள். தங்கை பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரங்கள் மழுங்கிய பழைய அட்டை. எந்த ரத்தமும் ஏற்றக் கூடாது என்று அதில் சிவப்பில் அச்சிட்டிருந்தது.

"நாலு வருஷமா இருக்குண்ணா. பிரசவத்துக்கு அப்புறம் டெஸ்ட் எடுத்துக் குடுத்தாங்க."

ஒரே குரூப்பாக இருந்தாலும் ரத்தத்துக்குள் வேறு சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டாம். என் ரத்தத்தில் இருந்த ஒன்றை அவள் உடம்பு எதிரி என்று பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது. அந்த அடையாளம் இல்லாதவர்கள் மிகவும் அபூர்வம். "இனி எத ஏத்தினாலும் ஒடம்பு அத ஒடைக்கும். கிட்னி போகும். உசிரே போகலாம் சார்" என்றாள் அந்தப் பெண்.

நான்கு வருடங்களுக்கு முன் பிரசவம் முடிந்து ஒரு வாரத்தில் தங்கை மஞ்சளாகிக் குளிரில் நடுங்கினாள். சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனது. மஞ்சள்காமாலை என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கட்டிலருகே நின்று சொன்னேன்: "இவ ஒடம்புல ஓடறது என் ரத்தம். ஒண்ணும் ஆகாது." அப்போது பற்கள் கிடுகிடுக்க அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் எத்தனையோ முறை பயமில்லாமல் நின்றிருக்கிறேன். இப்போது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அப்புறம் யாருக்காவது குடுப்பியா?"

ரத்தம் ஏற்றாமலே ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அதுவரை நரம்பில் இரும்புச்சத்து ஊசி. வெட்டும்போது வழியும் ரத்தத்தை ஓர் இயந்திரம் உறிஞ்சி, கழுவி, அவளுக்கே திருப்பி அனுப்பும். பரிசோதனைக்குக்கூடக் கைக்குழந்தைகளுக்கு எடுக்கும் சின்னக் குழாயில்தான் எடுப்பார்கள். இதற்கெல்லாம் சம்மதித்துத் தங்கை முந்தாநாளே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

வெளியே வந்ததும் கண்ணாடி ஜன்னலருகே நின்றாள். உள்ளே ஒரு கல்லூரிப் பையன் படுத்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தான். அவனருகில் தாலாட்டுவதுபோல் ஆடும் தட்டில் பை நிறைந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஆபரேஷன் பயமில்லண்ணா. உன்னை நெனச்சாத்தான் பயம்."

"என்னையா?"

"நீ கத்துவே. ஊரையே கூட்டிட்டு வந்து கைய நீட்டச் சொல்லுவே. நீ கத்துற கத்துல யாராவது பயந்து ஏத்திருவாங்க." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் காகிதம்போல் வெளுத்திருந்தன. "நான் போயிருவேன்னு டாக்டரே சொன்னாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. கதவுக்கு வெளிய சும்மா நிக்கணும். நிப்பியாண்ணா?"