வாசலில் இரண்டு பைகள்

ஜனவரியில் அல்மாத்தி நகரம் ஒருமுறை நன்றாகக் குலுங்கியது. யாரும் சாகவில்லை, கட்டடம் எதுவும் விழவில்லை. ஆனால் ஊரே இரவு உடுப்போடு பனியில் இறங்கி, காருக்குள் என்ஜினை ஓடவிட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தது. அந்தப் பயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கடைகளில் டார்ச் லைட் கிடைக்கவில்லை. அலுவலகத்தில், பேருந்தில், மருந்துக் கடை வரிசையில் எங்கே நின்றாலும், நிலம் குலுங்கினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரப் பையைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர் எவ்வளவு வைத்தாய், போர்வை வைத்தாயா, பையைக் கட்டிலுக்கடியில் வைப்பதா, வாசலில் வைப்பதா என்று.

இன்கார் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாய்ச் சொன்னாள்.

"அம்மா, டீச்சர் சொன்னாங்க. வீட்டுக்கு ஒரு பை ரெடி பண்ணணுமாம்."

கம்ஷாத்துக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு ஒன்று! அந்த வீட்டில் எதுதான் ஒன்றாக இருந்தது? குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு அவளுடையது, கீழ்த்தட்டு அவள் புருஷன் தவுலெத்தினுடையது. தேநீர்க் கெண்டி இரண்டு, உப்பு டப்பா இரண்டு. விவாகரத்து வழக்கு போன வருஷமே போட்டாயிற்று. வாய்தா மேல் வாய்தா. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. முதலில் வெளியேறுகிறவருக்கு வழக்கில் பலம் குறையும் என்று இரண்டு வக்கீல்களும் ஒரே மாதிரி சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே அவன் கூடத்து சோபாவில் படுத்தான். அவளும் எட்டு வயது மகளும் படுக்கையறையில். ஒருவர் சமையலறையில் இருந்தால் மற்றவர் உள்ளே போவதில்லை.

அதனால் பையும் இரண்டாயிற்று. கம்ஷாத் வேலை பார்த்த பல் மருத்துவமனையில் ஒரு பெண் சொன்னபடி, சிவப்புப் பை ஒன்றில் தண்ணீர், உலர்ந்த திராட்சை, புளிப்புத் தயிர் உருண்டை, மருந்து, மெழுகுவர்த்தி எல்லாம் அடுக்கினாள். தனக்கும் இன்காருக்கும் கம்பளி உள்ளாடை, இன்காருக்குப் புதிதாக ஒரு ஜோடி பனிக்காலணி. மறுநாள் பார்த்தால் வாசலில் அதன் பக்கத்திலேயே ஒரு பச்சைப் பை உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் ஜன்னல் பொருத்தும் வேலை செய்பவன் தவுலெத். கயிறு, சுத்தியல், கையுறை என்று அவன் பை இரும்பாய்க் கனத்தது. அதற்குள்ளும் இன்காருக்கு ஒரு ஜோடி காலணி.

"எதுக்கு இது? அவளுக்குத்தான் நான் எல்லாம் வெச்சிருக்கேனே."

"நீ உன் பொண்ணுக்கு வெச்சே. நான் என் பொண்ணுக்கு வெச்சேன்."

"அந்தக் காலணி அவளுக்குப் பத்தாது. என்ன சைஸ்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியாதுன்னு சொல்லேன். கோர்ட்டுல அதையும் எழுதிக் குடு."

பிறப்புச் சான்றிதழில்தான் சண்டை முற்றியது.

"அது எங்க, கம்ஷாத்?"

"என் பைல."

"உன் பைல எதுக்கு?"

"பெத்தவ நான்."

"அப்ப நான் யாரு, வழிப்போக்கனா?"

"நீயே சொல்லிட்ட. எனக்கு வேலை மிச்சம்."

அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அவன் அதை எடுத்துத் தன் பையில் வைத்தான். அவன் குளிக்கும்போது அவள் திரும்ப எடுத்தாள். இன்கார் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "என்கிட்டயே குடுத்துடுங்களேன்" என்றாள். அது இருவர் காதிலும் விழவில்லை.

எதிர்வீட்டில் ஸோயா இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை, ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. தொண்டை கரகரக்கும், வாயில் சிகரெட் புகையும், விடுமுறை நாளில் குடிப்பாள், ரேடியோவை அலறவிடுவாள். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று இன்காருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள் கம்ஷாத். ஒருநாள் கதவு திறந்திருந்தபோது ஸோயா எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, ஒரு வீட்டுக்கு ரெண்டு பை? பூகம்பம் உங்க வீட்டுக்கு மட்டும் ரெண்டு தடவ வரப்போகுதா?"

"உங்க வேலையப் பாருங்க" என்று கம்ஷாத் கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே ஸோயா இருமிக்கொண்டே சிரிக்கும் சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பத்து மணி தாண்டியிருக்கும். கம்ஷாத் படுக்கையறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடியது. இன்கார் அங்கே அப்பாவோடு இருக்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். முதலில் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. பிறகு அடியிலிருந்து யாரோ கட்டடத்தையே தூக்கிப் போட்டது போல ஓர் இடி. விளக்கு ஊஞ்சலாடியது. சமையலறையில் தட்டுகள் சரிந்து நொறுங்கின.

இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினாள். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. சிவப்புப் பை மட்டும் இருந்தது. பச்சைப் பையைக் காணோம்.

அந்த நொடியில் என்ன நினைத்தாள் என்பதைப் பிறகு எத்தனையோ தடவை தன்னிடமே கேட்டுக்கொண்டாள். மாற்றிச் சொல்ல வழியில்லை. "முந்திக்கிட்டானே" என்றுதான் நினைத்தாள். குழந்தையை முதலில் அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான், இனி இதையே ஊரெல்லாம் சொல்லித் திரிவான் என்று. அந்தக் கடுப்போடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். நான்கு மாடி. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. முன்னால் யாரோ ஒருவர் பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்.

முற்றத்தில் பனி பாதி கரைந்து சேறாகியிருந்தது. விளையாட்டுத் திடல் பக்கம் தவுலெத் நின்றான், முதுகில் பச்சைப் பை. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். அவனும் அவளுடைய கைகளைப் பார்த்தான்.

"குழந்தை எங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உன்கூடத்தானே டிவி பாத்துட்டிருந்தா!"

"நான் பால்கனில சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன். உன் ரூமுக்கு வந்துட்டான்னு..."

அவன் முடிக்கவில்லை. இருவரும் கட்டடத்தைப் பார்த்து ஓடினார்கள். மேலே இருந்து ஆட்கள் திமுதிமுவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகளும், நாய்களும், போர்வையில் சுற்றிய ஒரு கிழவருமாய் வாசல் அடைத்துக் கிடந்தது. "வழி விடுங்க, என் பொண்ணு மேல இருக்கா!" என்று கம்ஷாத் கத்தினாள். ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது போதும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய தோளில் இருந்த பையைத்தான் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் ஸோயா வந்தாள். பூப்போட்ட குளியல் அங்கி, கலைந்த தலை, மூச்சிரைப்பு. இடுப்பில் இன்கார். எட்டு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்திருந்தாள். இன்காரின் கால் வெறுங்காலாய்த் தொங்கியது. கைவிரல்களில் நீல வண்ணம் ஒட்டியிருந்தது. தூரிகை கழுவக் குளியலறைக்குப் போயிருக்கிறாள். குலுக்கலில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது.

"தோளால இடிச்சுத்தான் தொறந்தேன்" என்றாள் ஸோயா. "கதவு உடஞ்சிருச்சு. வேணும்னா எம்மேல கேஸ் போடுங்க."

கம்ஷாத் கையை நீட்டினாள். தவுலெத்தும் நீட்டினான். இன்கார் ஸோயாவின் கழுத்தை விடவில்லை. தவுலெத் சட்டென்று பையை இறக்கி, ஜிப்பை இழுத்து, காலணியை எடுத்தான். அதைப் பார்த்ததும் கம்ஷாத்தும் தன் பையைத் திறந்து காலணியை எடுத்தாள். சேற்றில் மண்டியிட்டு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஜோடியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். இன்கார் காலை மடக்கி அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அங்க ஓரமா வைங்க ரெண்டையும்" என்றாள் ஸோயா. குரலில் கேலி இல்லை. "இவ முதல்ல அப்பான்னு கூப்பிட்டா. எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் அம்மான்னு கூப்பிட்டா. நான் உள்ள வர்றப்ப யாரையும் கூப்பிடல."

கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். இன்கார் ஸோயா வீட்டில் உருளைக்கிழங்கு சாப்பிட்டுவிட்டு வந்தாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நொறுங்கிய தட்டுகளைக் கூட்ட உதவினாள். அம்மா வாங்கிய தட்டு, அப்பா வாங்கிய தட்டு என்று பிரிக்காமல் எல்லாத் துண்டையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டாள்.

அன்று சாயங்காலம் கம்ஷாத் சிம்கென்ட்டில் இருந்த தன் அக்காவைக் கூப்பிட்டு, "குழந்தைய விட்டுட்டு ஓடிட்டான்கா, பைய மட்டும் தூக்கிட்டு ஓடிட்டான்" என்று அழுதாள். அழுகைக்கு நடுவே மூக்கைச் சிந்தியபோது பால்கனியிலிருந்து அவன் குரல் கேட்டது. அவன் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். "விட்டுட்டு ஓடிட்டாம்மா, பைய மட்டும் தூக்கிட்டு" என்றான். வார்த்தைகூட மாறவில்லை. இருவருக்கும் நடுவில், கூடத்தில், இன்கார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

சாட்சி சொல்ல வரவேண்டும் என்று இரண்டு பேருமே தனித்தனியாக ஸோயாவின் கதவைத் தட்டினார்கள். கம்ஷாத் ஒரு பெட்டி மிட்டாய் கொண்டுபோயிருந்தாள்.

"வர்றேன், எனக்கென்ன" என்றாள் ஸோயா. "ஆனா பாத்தத பாத்தபடிதான் சொல்வேன். கதவு தொறந்து கிடந்துச்சு, வாசல்ல ஒரு பையும் இல்ல, உள்ள பொண்ணு இருந்துச்சுன்னு. அது உனக்கு ஆகுமா, சொல்லு?"

கம்ஷாத் மிட்டாய்ப் பெட்டியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"அவனும் இப்படித்தான் நின்னான்" என்றாள் ஸோயா. "மிட்டாய எடுத்துட்டுப் போம்மா. எனக்குச் சக்கரை."

நீதிமன்றத்தில் எதையெல்லாமோ பேசினார்கள். அவனுடைய குடி, அவளுடைய வாய், மாமியார், சம்பளம், கீழ்த்தட்டு, மேல்தட்டு. நிலநடுக்கத்தைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அது அந்த ஒன்றில்தான். நீதிபதி குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் வக்கீல் கை குலுக்கினார். தவுலெத் தூணோரம் நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். நியாயமாகப் பார்த்தால் அன்று அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பல்வலி நின்றபிறகும் நாக்கு அங்கேயே போவது போல, மனம் ஓர் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

வீட்டை விற்றார்கள். கம்ஷாத் அதே ஊரில் தாஸ்தாக் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். மாடியே வேண்டாம் என்று சொல்லித்தான் தேடினாள். இன்கார் நன்றாகப் படித்தாள், சொன்ன பேச்சைக் கேட்டாள், எதையும் கேட்டு அடம்பிடிக்கவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு எவ்வளவு பொறுப்பாயிட்டா, நீ குடுத்து வெச்சவ" என்றாள். கம்ஷாத் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசை அதிர்ந்தது. கிண்ணத்தில் தேநீர் நடுங்கியது. கம்ஷாத் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரே பாய்ச்சலில் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, நாற்காலி கவிழ, வாசலைத் தாண்டி இழுத்துக்கொண்டு ஓடினாள். பையும் எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை. பாப்லர் மரத்தடியில் வந்து நின்று, குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் வாயை மூடாமல் பார்த்தார்கள். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

தெருமுனையில் மணல் ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறி உறுமிக்கொண்டு போனது.

"லாரிம்மா" என்றாள் இன்கார். "கைய விடு. வலிக்குது."

அவள் விட்டாள். மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. இன்கார் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு, மீதிச் சோற்றைச் சாப்பிட உள்ளே போனாள்.