சஹனுக்கு அடியில் ஓர் இடம்

சமீனா செய்த சஹன் மிதக்கவில்லை, தொங்கியது. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கல்யாண வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுதான் சஹன். விண்வெளி வீரர்கள் ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து, அங்கே ஒரு சஹன் வைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். ரெசினில் நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவும் செய்து, தட்டோடும் கிண்ணங்களோடும் தூண்டில் நரம்பில் கட்டி, விளாங்குடி வீட்டு மாடியறையில் தொங்கவிட்டாள். அவளுக்கு இது முதல் கண்காட்சி. அதை நடத்தும் தமிழ்வாணி வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். மிதப்பதுபோல் இருந்தால் கண்காட்சிக் கூடத்தின் நடுவில் இடம். இல்லாவிட்டால் இந்த முறை கிடையாது.

அறிவியலில் அவள் எதையும் விடவில்லை. எடையில்லாத இடத்தில் குழம்பு சிந்தாது, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அதனால் தால்ச்சாவை மஞ்சள் உருண்டைகளாக வார்த்திருந்தாள். உதிரிச் சோறு பறந்துபோய்க் கண்ணிலும் கருவியிலும் புகும். அதனால் சோறு கொஞ்சம் குழைவாக, ஈரத்தால் தட்டில் ஒட்டியிருந்தது. ஒற்றை நரம்பில் கட்டிய பொருள் கனமான பக்கம் கீழே வரும்வரை திரும்பும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று நரம்பு கட்டினாள். அப்படியும் பார்ப்பவர் கண் நேராக மேற்கூரைக்குப் போனது.

வியாழக்கிழமை கணவன் ஆசிப்பையும், அவன் தங்கை ஷிபாவையும், ஷிபாவின் கணவன் மின்ஹாஜையும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு மதினி," என்றாள் ஷிபா. "ஆனா ஊஞ்சல் மாதிரி இருக்கு."

"கயிறே தெரியலையேடி."

"தெரியலதான். ஆனா இருக்குன்னு தெரியுதே."

"சாப்பிடுற மாதிரி சுத்தி உக்காந்து பாப்போம்," என்று ஆசிப் ஸ்டூல்களை இழுத்துப் போட்டான். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலாம் பக்கத்தை பீரோ அடைத்திருந்தது.

"மச்சான், எனக்கு எங்க எடம்?" என்றான் மின்ஹாஜ்.

"கீழ படு மாப்ள. விண்வெளியில ஏது மேல, ஏது கீழ? எல்லாம் பந்திதான்."

மின்ஹாஜ் நிஜமாகவே படுத்துவிட்டான். "அடப்பாவிகளா! இம்புட்டுச் சோறும் உங்க பக்கம். எனக்கு வெறும் தட்டு முதுகு."

"உங்களுக்கு அதுவே அதிகம்," என்றாள் ஷிபா.

சமீனா சிரிக்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க," என்று அவனை எழுப்பிவிட்டுக் குனிந்து பார்த்தாள். சஹனில் அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். உட்கார்ந்தவர் முன்னால் காலியாக இருக்கவே கூடாது. தரையில் உட்காருபவர்களுக்குப் பரிமாறிப் பழகிய கை, எல்லாவற்றையும் வாய் மேலே பார்க்க வைத்துவிட்டது. கிண்ணம் மேலே பார்த்தால், கீழே தரை இருக்கிறது என்று கண் தானாகவே முடிவுசெய்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை தமிழ்வாணி வந்தார். ஒரு சுற்று சுற்றினார், குனிந்தார், கடைசியில் மண்டியிட்டே பார்த்தார்.

"இதுல எதுங்க மேல்பக்கம்?"

"அப்படி ஒண்ணு இல்லங்க."

"அப்ப நடுக்கூடத்துல வச்சிருவோம். நாலு பக்கமும் ஆள் நிக்கணும்."

முந்தின இரவு சமீனா செய்தது இவ்வளவுதான்: தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு முகத்திலும் சோற்றை ஒட்டினாள், கிண்ணங்களில் பாதியைக் கவிழ்த்தாள், எந்தப் பக்கம் ஆள் இருந்தாலும் அவர் முன்னால் ஒரு பங்கு இருக்கும்படி வைத்தாள்.