சும்மா நிற்கும் பத்து நிமிடம்

ஜும்ஆ தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சிக்கந்தர் எலெக்ட்ரிக் காரின் முன்பக்கத்தைத் திறந்தார்.

அவினாசி ரோட்டு சர்வீஸ் சென்டரில் அவர் சீனியர் மெக்கானிக். அடுத்த மாதம் முதல் பெட்ரோல் வண்டிகளுக்கு ஆள் குறைப்பு. இன்றைய தேர்வில் தேறினால் எலெக்ட்ரிக் பிரிவு.

"இல்லீன்னா வாட்டர் வாஷ்தானுங்க பாய்," என்றார் மேனேஜர் சசிதர்.

"அங்க ஷாக் அடிக்காதுங்களே."

சசிதர் சிரித்தார்.

பின்னால் பிரவீனா நீண்ட கொக்கியோடு நின்றாள். மின்சாரம் தாக்கினால் ஆளைத் தொடாமல் இழுப்பதற்கு. இந்த வண்டிகளில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. அவள் போன வருடம் சேர்ந்தவள். முதல் தடவையிலேயே தேறியவள்.

சிக்கந்தர் ரப்பர் கையுறை போட்டார். பாட்டரியைத் துண்டிக்கும் பிளக்கை உருவினார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம். அதுவரை எதையும் தொடக் கூடாது. பிறகு மீட்டர்.

சசிதரின் போன் அடித்தது. மதுக்கரைக் கஸ்டமர். பேசிக்கொண்டே வெளியே போனார்.

சிக்கந்தர் கால் மாற்றி நின்றார். பயிற்சியில் பத்து நிமிடம் என்றார்கள். நேற்றுப் பார்த்த வீடியோவில் ஐந்து. அது புது மாடல். அதற்கும் புதிது வந்துவிட்டதாம். கையுறைக்குள் வியர்த்தது. ஒன்றைக் கழற்றினார்.

"அண்ணா, கிளவுஸ்."

"தொடச்சுட்டுப் போடறேன் அம்மணி."

ஆரஞ்சு கேபிளின் முனை சற்றுச் சாய்ந்திருப்பதுபோல் தெரிந்தது. எந்த வண்டியைத் திறந்தாலும் வயர் முனைகளை அசைத்துப் பார்ப்பார். கை தானாகப் போனது.

இடுப்பில் பிரவீனாவின் கொக்கி விழுந்து பின்னால் இழுத்தது. தரையில் கிடந்தார்.

"அடிச்சுதுங்களா?"

"இல்ல. ஒண்ணுமில்ல அம்மணி."

எழுந்து கையுறையைப் போட்டார். நேரம் முடிந்ததும் மீட்டர் வைத்தார். பூஜ்யம். மீதி வேலை பிசகில்லாமல் நடந்தது. கடைசி போல்ட்டுக்குச் சசிதர் வந்து சேர்ந்தார்.

"சூப்பருங்க பாய். இனிப் படிங்கன்னு தொந்தரவு பண்ண மாட்டேன். ஆறு மாசத்துக்கு." கேபின் பக்கம் கை காட்டினார். "ரெண்டு பேரும் வாங்க. பாஸ் போட்டு முடிச்சுறலாம்."

அவர் முன்னால் நடந்தார். சிக்கந்தர் இரண்டு எட்டு வைத்தார். பிரவீனா நகரவில்லை. கொக்கியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"நீங்களே சொல்லிப்போடறீங்களாங்கண்ணா, நான் சொல்லட்டுங்களா?"