தள்ளுவண்டியில் இறுகிய சிமென்ட்

"இதெல்லாம் அவர் ஒரே ஆளாவா செஞ்சார்?" என்று கேட்காமல் ஒருவரும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. ஆமாம், ஒரே ஆள்தான். குப்பைமேட்டில் பாட்டில் பொறுக்கியது, கழுவியது, உடைத்து நிறம் பிரித்தது யார் என்று எவரும் கேட்டதில்லை.

என் கணவன் டெல்மர், அமெரிக்காவில் அர்கான்சாஸ் நெடுஞ்சாலையோரம் எங்கள் சோளக்கொல்லையில் முப்பது வருடமாகச் சிமென்டில் மிருகங்கள் கட்டுகிறான். கார் சக்கர மூடிகளைச் செதிலாகப் பதித்த மீன், மருந்து பாட்டில் கண் வைத்த கழுதை, ஊரார் கொடுத்த பல்செட்டோடு இளிக்கும் முதலை. வருகிறவர்கள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கழிவறை எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள்.

எனக்கு அலுத்துவிட்டது. சனிக்கிழமை வந்து கூட்டிப் போ, இனி உன்னோடேயே இருந்துவிடுகிறேன் என்று என் தங்கை ஆர்லீனிடம் போனில் சொல்லிவிட்டேன். டெல்மரிடம் சொல்லவில்லை. சிமென்ட் குழைத்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது. "இந்தக் கலவை முடியட்டும் வெர்னா, இறுகிடும்" என்பான். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்றும் அதையேதான் சொன்னான். பக்கத்துப் பண்ணைக்காரர் லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையிலும் தள்ளுவண்டி நிறையக் குழைத்து வைத்திருந்தான். ஆந்தைக்கு நெஞ்சு வைக்க வேண்டுமாம். நிறம் பிரித்த கண்ணாடித் துண்டுகளோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பச்சை குடு."

நான் கொடுக்கவில்லை.

"வெர்னா, பச்சை!"

"நான் போறேன் டெல்மர்."

"சரி, வரும்போது ஆணி வாங்கிட்டு வா. இப்ப பச்சையக் குடு."

"கடைக்கு இல்ல. ஆர்லீன் வீட்டுக்கு. இனிமே அங்கதான் இருக்கப் போறேன்."

"இந்தக் கலவை மட்டும் முடியட்டும்..."

"நான் செத்தாக்கூட, கலவைய முடிச்சிட்டுத்தான் நீ குழி வெட்ட வருவ!"

சிரிக்க வாயைத் திறந்தவன், என் கைகளைப் பார்த்தான். விரலெல்லாம் கண்ணாடி கீறிய தழும்பு. முப்பது வருடத்தில் அன்றுதான் பார்த்தான் போலிருக்கிறது. மண்வெட்டியைக் கலவையில் குத்தி நிறுத்திவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"பார்க்க ஆள் வந்திருக்கு" என்றேன்.

"நிக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், எனக்குத்தான் பொறுக்கவில்லை. "கலவை இறுகுது டெல்மர்."

"இறுகட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கிறவரை அவன் எழுந்திருக்கவில்லை.

மதியம் ஆர்லீன் வந்தாள். தள்ளுவண்டியில் விறைத்து நின்ற மண்வெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"என்ன மேஸ்திரி, இது என்ன புது மிருகம்?"

"தொடாத. அது என்னோடது இல்ல. வெர்னா செஞ்சது" என்றான் டெல்மர். பிறகு அவனே என் பெட்டியைத் தூக்கிப்போய் ஆர்லீனின் காரில் வைத்தான்.

திரும்பி வரும் எண்ணம் காலையில் எனக்குத் துளியும் இல்லை. கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினேன்.

"ரெண்டு வாரத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் பாட்டில நீயே கழுவு."