உளி படாத கல்

"முகமே இல்லாத சாமியை எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவே?" என்று பிராம் ஒருமுறை தங்கை அத்தாராளிடம் கேட்டான். அவள் பள்ளத்தாக்கு நகரத்திலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது அது.

இந்த வருஷம் அவள் கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்து பிழைத்தது. பிழைத்தால் அறுப்புத் திருநாளில் தலையீற்று ஆட்டுக்குட்டியைப் படைப்பதாக மலைக்காரர்களின் அந்த முகமில்லாத சாமி யாவேயிடம் நேர்ந்திருந்தாள். திருநாள் இன்று பொழுது சாய்ந்தால் முடிந்துவிடும். மாரிக்கால மழையில் பலிபீடமோ சரிந்து கிடந்தது. நேர்ந்துகொண்டவள்தான் அதை எடுத்துக் கட்ட வேண்டும் என்றார் மாமனார் எலிதாத்.

உதவிக்கு வந்த பிராம் கோயில் கட்டும் கல்தச்சன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் மேடேறி வந்தபோது, அவன் கற்களையெல்லாம் சதுரமாக, வழவழவென்று செதுக்கி அடுக்கியிருந்தான். பக்கத்தில் உளி கிடந்தது.

"நம்ம ஊர்க் கோயில்லகூட இப்படி மூலை இல்லே" என்றான் பிராம்.

அத்தாராள் உளியை எடுத்துத் தள்ளி வைத்தாள். பின்னால் வந்த எலிதாத் கல்லைத் தொடக்கூட இல்லை.

"உளி பட்டா தீட்டுன்னு தெரியாதா? பள்ளத்துக்காரி புத்தி பள்ளத்துலதான் கிடக்கும். குட்டியை ஓட்டிட்டுப் போம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"பொழுது இன்னும் சாயலே மாமா."

"ஒத்தைப் பொம்பளை எத்தனை கல்லு தூக்குவே?"

"பீடம் நிக்கற வரைக்கும் தூக்குவேன்."

அவள் அடுக்கைக் கலைக்க ஆரம்பித்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றான் பிராம். "காலையிலேருந்து செதுக்கியிருக்கேன்."

"அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா யாவே படைச்சபடியே கிடக்கற கல்லுதான் அவருக்கு வேணும்."

"அப்போ எனக்கு என்ன மரியாதை?"

"உனக்குப் பருப்புக்கூழ் வச்சிருக்கேன். போய்க் குடி."

பிராம் போகவில்லை. முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வயல் வரப்பில் கிடந்த கரடுமுரடான கற்களை முக்காட்டுத் துணியில் கட்டிக் கட்டி மேலே சுமந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. மேலே வைக்க வேண்டிய பெரிய கல் மட்டும் அவளுக்கு அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி மறுபடி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கடைசியில் இன்னொரு தோளும் வந்து பக்கத்தில் சேர்ந்தது. பிராமின் கையில் உளி இல்லை.

சூரியன் மலைமுகட்டைத் தொடும்போது புகை எழும்பியது. குட்டியை அறுத்தவர் எலிதாத்தே.

இறைச்சிப் பங்கோடு அத்தாராள் வீடு திரும்பினாள். அவளுக்கு முன்னே வந்த பிராம், அவள் கழித்த சதுரக் கல்லொன்றை வாசலில் படியாகப் பதித்திருந்தான். அதைக் காலால் அழுத்திப் பார்த்தான். ஆடவில்லை. உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனான்.